கரிசல் எழுத்தில் குடும்பம்: உரைநடையும் கவிதையும்

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள மல்லாங்கிணறு ஒரு சிறிய ஊர். நாவலாசிரியர் எஸ். ராமகிருஷ்ணன் (பிறப்பு 1966), கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் (பிறப்பு 1962) இருவரும் இவ்வூரைச் சேர்ந்தவர்கள். ராமகிருஷ்ணனின் 'நெடுங்குருதி' நாவல் 2003-இலும், தமிழச்சியின் முதல் கவிதைத் தொகுப்பான 'எஞ்சோட்டுப் பெண்' 2004-இலும் வெளிவந்தன. ஒரே ஊரின் வெயிலும் தெருவும் வீடும் ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் ஒரு முறை நாவலாகவும் ஒரு முறை கவிதையாகவும் ஆயின. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பவர் அவற்றில் வரும் குடும்பங்கள் வேறு வேறு என்பதை உடனே உணர்வார். நாவலில் குடும்பம் சிதறுகிறது. தந்தை போகிறார், வருகிறார், ஊர் காலியாகிறது, சிறுவன் நாகு வேம்பலை கிராமத்தின் வெக்கையில் தனியாக அலைகிறான். கவிதையில் குடும்பம் அழைக்கப்படுகிறது. போனவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறார்கள்.

இந்த வேறுபாடு இரண்டு எழுத்தாளர்களின் மனப்போக்கால் மட்டும் வந்தது அல்ல. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களை உள்ளடக்கிய கரிசல் இலக்கியத்தில் உரைநடைக்கு ஒரு வேலையும் பாட்டுக்கு வேறு வேலையும் நெடுங்காலமாகப் பிரித்து விடப்பட்டிருந்தன. குடும்பத்தின் கணக்கு வழக்கு உரைநடைக்குச் சென்றது. குடும்பத்தின் அழுகை பாட்டில் நின்றது. ஒரு நாவலாசிரியர் கவிதைக்கு வரும்போது இந்தப் பிரிவினையைத்தான் கடக்கிறார்.

பேச்சிலிருந்து பிறந்த உரைநடை

கரிசல் நிலம் மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து. பெய்யாவிட்டால் பேச்சு. இடைசெவல் கி. ராஜநாராயணன் இந்தப் பேச்சையே இலக்கிய மொழியாக்கினார். 'கோபல்ல கிராமம்' (1976) ஒரு குடிப்பெயர்வின் கதையை வீட்டுத் திண்ணையில் சொல்லப்படும் தொனியிலேயே சொல்கிறது. அவர் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் 'கரிசல் கதைகள்' தொகுப்பும் பின்வந்தவர்களுக்கு ஒரு வழியைக் காட்டின. பூமணி, பா. செயப்பிரகாசம், மேலாண்மை பொன்னுச்சாமி, ச. தமிழ்ச்செல்வன், சோ. தர்மன் என்று இப்பகுதியின் முக்கியப் பெயர்கள் பெரும்பாலும் சிறுகதை, நாவல் ஆசிரியர்களின் பெயர்களே. மேலாண்மறைநாட்டில் பெட்டிக்கடை வைத்திருந்த மேலாண்மை பொன்னுச்சாமி 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக 2007-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். கவிஞர்கள் இல்லாமல் இல்லை. கோவில்பட்டியின் தேவதச்சன் நவீனத் தமிழ்க் கவிதையின் பெரும் ஆளுமைகளில் ஒருவர். அந்த ஊரின் உரைநடைக்காரர்கள் பலரும் அவரோடு பேசி வளர்ந்தவர்கள். ஆனால் தேவதச்சனின் கவிதைகள் வட்டாரத்தையோ உறவுமுறையையோ சார்ந்து நிற்பவை அல்ல. ஒரு கணத்தின் விந்தையை நோக்கியவை. குடும்பக் கதையை அவர் நண்பர்களிடம் விட்டுவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

உரைநடைக்கு இவ்வளவு வலு வந்ததற்குப் பேச்சு ஒரு காரணம். தொழில் இன்னொரு காரணம். 1922-இல் பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. அதையொட்டிப் பட்டாசும், தீப்பெட்டி லேபிள்களுக்காகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்த அச்சுத்தொழிலும் வந்தன. இப்பகுதி மக்கள் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்பார்கள். 'ஆபீசுக்குப் போறா' என்றால் பட்டாசுச் சரம் பின்னவோ திரி வெட்டவோ போகிறாள் என்று பொருள். அந்தச் சொல்லில் உள்ள கசப்பான நகைச்சுவை வெளியூர்க்காரருக்கு உடனே பிடிபடாது.

ஆபீஸ் வந்தபின் குடும்பம் ஒரு வேலைக்குழுவாக மாறியது. பெட்டி ஒட்டுவது வீட்டிலேயே நடந்தது. கூலி குரோஸ் கணக்கில் வந்தது. எத்தனை கை இருக்கிறதோ அத்தனை குரோஸ். வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை வேலைக்குப் போனது. விடியும் முன்பே ஊர் ஊராக வந்து சிறுவர் சிறுமியரை ஏற்றிச் செல்லும் ஆபீஸ் பஸ் ஒரு தலைமுறையின் நினைவு. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990) ஆவணப்படமும், சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பும் இந்த வாழ்வை வெளியுலகம் பார்க்கச் செய்தன. தீர்ப்பின்படி விதியை மீறிக் குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதா, தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புவதா என்ற கேள்வியை மையமாக வைத்துப் பூமணி 'கருவேலம் பூக்கள்' திரைப்படத்தை இயக்கினார்.

இத்தகைய வீட்டில் பாசம் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே வெளிப்படும். அம்மா மகளுக்காகக் கூட இரண்டு குரோஸ் ஒட்டுவாள், ஆனால் மகளிடம் எதுவும் சொல்லமாட்டாள். இதை எழுதக் கடன், கூலி, தூரம், நேரம் எல்லாம் தேவை. இவை உரைநடையின் பொருள்கள். ஆபீஸ் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரியாமல் அந்த வீட்டின் துயரம் புரியாது. ஒரு கவிதையால் அந்த நேரத்தைச் சொல்லிவிட முடியும். ஆனால் அந்த நேரத்தின் மீது ஏறி நிற்கும் ஆறு வருடக் கடனைச் சொல்வது கடினம்.

அழுகையை நிறுத்தி வைத்த நாவல்கள்

பூமணியின் 'பிறகு' (1979), 'வெக்கை' (1982), 'அஞ்ஞாடி' (2012) மூன்றும் குடும்ப நாவல்களே. 'பிறகு' அழகிரி என்ற சக்கிலியத் தொழிலாளியின் வீட்டைப் பின்தொடர்கிறது. 'அஞ்ஞாடி' ஆண்டி, மாரி என்ற இரு நண்பர்களின் வழித்தோன்றல்கள் வழியாகக் கழுகுமலைக் கலவரம் (1895), சிவகாசிக் கலவரம் (1899) உள்ளிட்ட நெடிய வரலாற்றைச் சொல்கிறது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் இந்நாவலுக்கு 2014-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இவற்றில் 'வெக்கை' அளவில் சிறியது. குடும்பத்தைப் பற்றி மிக அதிகமாகச் சொல்வதும் அதுதான். பதினைந்து வயதுச் சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டுகிறான். பிறகு அப்பனும் மகனும் காட்டில் தலைமறைவாக அலைகிறார்கள். நாவல் முழுவதும் அவர்கள் என்ன செய்கிறார்கள்? சமைக்கிறார்கள், கிழங்கு தோண்டுகிறார்கள், படுக்க இடம் தேடுகிறார்கள், பேசுகிறார்கள். மூத்தவனின் சாவு பேச்சின் நடுவே வந்து போகிறது. தந்தை மகனைக் கட்டிக்கொண்டு அழும் காட்சிக்காகக் காத்திருக்கும் வாசகர் ஏமாந்து போவார். ஓடுகிறவர்களுக்கு அழ நேரமில்லை என்ற எளிய உண்மையை நாவல் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தந்தைக்கும் மகனுக்கும் உள்ள உறவு ஒருவர் மற்றவருக்கு நீட்டும் சோற்றில் இருக்கிறது.

இந்நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019) செய்த முக்கியமான மாற்றம் இந்த இடத்தில்தான். நாவல் நினைவாகக் கடந்து செல்லும் மகனின் சாவைப் படம் தாயின் கதறலோடு திரையில் நிறுத்துகிறது. திரைப்படத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் நாவல் அடக்கி வைத்திருந்தது எது என்பதை அந்தக் காட்சியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' சிறுகதையிலும் அழுகை இறுதிவரை தள்ளிப்போடப்படுகிறது. முறைமாப்பிள்ளையை மனதில் வரித்துக்கொண்ட பெண் வேறொருவனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். அதற்காக அவள் உடைந்துபோவதில்லை. தனக்குக் கிடைக்காதவன் நன்றாகவாவது இருக்கிறான் என்ற நினைப்பும் பொய்த்த பிறகுதான் அழுகிறாள். சசி இயக்கிய 'பூ' (2008) திரைப்படத்தில் இந்தப் பெண் பட்டாசுத் தொழிலாளியாக வருகிறாள். அடக்கமே இக்கதைகளின் பலம் என்று விமர்சகர்கள் பலமுறை எழுதியுள்ளனர். அது சரியே. எனினும் அடக்கி வைத்தது எங்கே போயிற்று என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

ஒப்பாரி என்னும் குடும்ப விசாரணை

அது ஒப்பாரிக்குப் போயிற்று. நா. வானமாமலை முதலியோர் தொகுத்த நாட்டார் பாடல்களைப் புரட்டினால், ஒப்பாரி வெறும் அழுகை அல்ல என்பது தெரியும். உயிரோடு இருந்தபோது வீட்டில் பேச முடியாத அனைத்தையும் ஒரு பெண் பிணத்தின் முன் பேசுகிறாள். சீர் செய்யாத அண்ணன், சொத்தில் ஏமாற்றிய பங்காளி, சோறு போடாத மதினி எல்லோரும் ஊரார் முன்னிலையில் பாட்டில் வைத்துக் கேள்வி கேட்கப்படுகிறார்கள். யாரும் பதில் பேச முடியாது. அழுகிறவளை நிறுத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

வடிவத்தில் ஒப்பாரிக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று விளி. எல்லாமே ஒருவரை அழைத்துச் சொல்லப்படுகிறது. மற்றது உறவுமுறை. இறந்தவரின் பெயரைவிட அவர் பாடுகிறவளுக்கு என்ன முறை என்பதே முதலில் வருகிறது. நாவல் படர்க்கையில் சொல்வதை ஒப்பாரி முன்னிலையில் சொல்கிறது. கரிசல் நாவலாசிரியர்கள் கிராமத்தின் பழமொழி, வசவு, விடுகதை எல்லாவற்றையும் எழுத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒப்பாரியின் சொற்களைக்கூடச் சில இடங்களில் கொண்டுவந்தார்கள். அதன் முன்னிலைக் குரலை மட்டும் தங்கள் கதைசொல்லிக்குத் தரவில்லை. கதைசொல்லி பெரும்பாலும் ஆண். ஒப்பாரி பெண்களுடையது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தமிழச்சி தங்கபாண்டியனின் கவிதைகள்

தமிழச்சி சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2019 முதல் தென்சென்னை மக்களவை உறுப்பினர். 'எஞ்சோட்டுப் பெண்'ணை அடுத்து 'வனப்பேச்சி' (2007), 'மஞ்சணத்தி' (2009) முதலிய தொகுப்புகள் வந்தன. தலைப்புகளே பேசுகின்றன. எஞ்சோட்டுப் பெண் என்றால் என் வயதுத் தோழி. மஞ்சணத்தி என்பது நுணா மரம். கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் தலைப்பான பாம்படம், முந்தைய தலைமுறைக் கிழவிகளின் காதணி.

நவீனக் கவிதையின் 'நான்' பொதுவாக உறவற்ற 'நான்'. எழுத்து, கசடதபற காலம் தொட்டு அது நகரத்து அறையில் தனியாக அமர்ந்திருக்கும் ஒரு மனம். தமிழச்சியின் 'நான்' யாரோ ஒருவருக்குப் பேத்தி, யாரோ ஒருத்திக்குச் சோட்டுக்காரி. பேசத் தொடங்கும்போதே எதிரில் ஒருவர் நிற்கிறார். ஒப்பாரியின் விளி இங்கே, அச்சடித்த கவிதையில், இழவு வீடு இல்லாமலே திரும்ப வருகிறது. ஒரு நாவலில் நாற்பது பக்கம் எடுக்கும் கிழவி இவரிடம் இருபது வரியில் முழுதாக வந்துவிடுவதற்குக் காரணம், அவளை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமே இல்லாத முன்னிலைப் பேச்சு. கூப்பிடும் விதத்திலேயே வயது, முறை, இருவருக்கும் உள்ள உரிமை எல்லாம் தெரிந்துவிடுகின்றன. வட்டாரச் சொல்லும் அப்படித்தான் வேலை செய்கிறது. அடிக்குறிப்புக்காகக் காத்திராமல் வாசகரை உள்ளே இழுத்துவிடும் கவிதைகளே இவருடைய சிறந்த கவிதைகள்.

பலவீனமும் அதே இடத்திலிருந்து வருகிறது. கிராமத்தை அழைப்பவர் நகரத்தில் இருக்கிறார். வனப்பேச்சி என்ற காட்டுத் தெய்வம் நகரத்து வாழ்வுக்குள் வந்து நிற்கும்போது அவள் உண்மையில் அச்சமூட்டுகிறாள், கேலி செய்கிறாள். அப்போது கவிதை உயிரோடு இருக்கிறது. ஆனால் கிராமம் நகரத்துக்கு மாற்று மருந்தாக மட்டும் ஆகிவிடும் கவிதைகளில் வெயில்கூட இதமாகிவிடுகிறது. கரிசலின் வெயில் இதமானது அல்ல. பூமணியின் வெக்கைக்கும் இந்த ஏக்கத்தின் வெயிலுக்கும் இடையே உள்ள தூரம், ஊரில் இருந்தவர்களுக்கும் ஊரை நினைத்தவர்களுக்கும் இடையே உள்ள தூரம். ஒப்பாரியில் ஏக்கத்தோடு குற்றச்சாட்டும் உண்டு என்பதைச் சில கவிதைகள் மறந்துவிடுகின்றன.

நாவலாசிரியர் கவிதைக்கு வரும்போது

தமிழச்சி கவிதையிலேயே தொடங்கியவர். நாவலில் நிலைபெற்ற ஒருவர் வாழ்வின் நெருக்கடியில் கவிதையை நாடிச் சென்றதற்கான தெளிவான தமிழ் உதாரணம் கரிசலில் அல்ல, அதன் வடமேற்கே கொங்குப் பகுதியில் கிடைக்கிறது. அது பெருமாள்முருகனின் 'கோழையின் பாடல்கள்'. அந்த உதாரணத்தின் துணையோடு பார்த்தால் கரிசல் கவிதையின் தன்மை மேலும் துலங்கும்.

திருச்செங்கோட்டுக்கு அருகில் பிறந்த பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' 1991-இல் வந்தது. முதல் கவிதைத் தொகுப்பான 'நிகழ் உறவு' வந்ததும் அதே காலகட்டத்தில்தான். இருந்தும் அடுத்த கால் நூற்றாண்டு அவர் நாவலாசிரியராகவே அறியப்பட்டார். குழந்தையில்லாத தம்பதியான காளி, பொன்னாவைப் பற்றிய 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டங்கள் எழுந்தன. 2015 ஜனவரியில் நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாகவும் இனி பெ. முருகன் என்ற ஆசிரியர் மட்டுமே வாழ்வார் என்றும் அவர் அறிவித்தார். பெருமாள் அவருடைய தந்தையின் பெயர். எழுத்தாளன் இறந்தபோது தந்தையின் பெயர் மீண்டும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. ஊரை விட்டுச் சென்னைக்குச் சென்றார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நாவலுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் 200 கவிதைகளுடன் 'கோழையின் பாடல்கள்' தில்லியில் வெளியிடப்பட்டது. எழுதமாட்டேன் என்று சொன்ன காலத்தில் எழுதப்பட்ட கவிதைகள் அவை.

கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்தவர் இந்தக் கவிதைகளைப் பெரும்பாலும் பொதுத்தமிழில் எழுதினார் என்பது கவனிக்க வேண்டியது. நாவல்களில் நிறைந்திருந்த சாதிப் பெயர், ஊர்ப் பெயர், உறவுமுறை, பண்ணயப் பேச்சு எதுவும் இங்கு முன்னால் நிற்கவில்லை. எஞ்சியிருப்பவை அறை, இரவு, பறவை, நீர், உடல், அச்சம். தலைப்புக் கவிதையின் கோழை யாருக்கும் தீங்கு செய்யாதவன். அவனால் கலவரம் வராது. கோழை என்ற வசவை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டு அதையே மரியாதையாக மாற்றும் உத்தி அது. நாவலில் பெயரும் இடமும் தருவதன் விலை என்ன என்று அறிந்த ஒருவர், பெயரும் இடமும் இல்லாத வடிவத்துக்குள் ஒளிந்துகொண்டார் என்றும் இதைப் படிக்கலாம். இருநூறு கவிதைகளும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. பல, நாட்குறிப்பின் அவசரத்தோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தொகுப்பாக வாசிக்கும்போது, பேச்சை இழந்த ஒரு கதைசொல்லியின் மூச்சு சீரடைவதைக் கேட்க முடிகிறது.

தலைப்பில் 'கவிதைகள்' இல்லை, 'பாடல்கள்' இருக்கிறது. பின்னர் இவர் டி.எம். கிருஷ்ணா பாடுவதற்காகக் கீர்த்தனைகள் எழுதினார். கதைசொல்லி உடைந்த இடத்தில் பாட்டு வந்தது என்பது தற்செயல் அல்ல. ஒப்பாரி சொல்லும் சட்டமும் அதுவே.

இருந்தாலும் குடும்பம் அந்தப் பாடல்களின் மையத்துக்கு வரவில்லை. அம்மாவைப் பற்றி எழுத வேண்டியிருந்தபோது பெருமாள்முருகன் 'தோன்றாத்துணை' என்ற கட்டுரை நூலை, உரைநடையை, நாடினார். தாயின் உழைப்பு, சிக்கனம், பிடிவாதம் ஆகியவற்றைச் சொல்ல மீண்டும் விவரம் தேவைப்பட்டது. தமிழச்சி கவிதையில் உறவுகளை நிரப்பினார். பெருமாள்முருகன் கவிதையில் உறவுகளைக் காலி செய்தார். முன்னவர் விட்டு வந்த ஊரைத் திரும்ப அழைக்கிறார். பின்னவர் தன்னைத் துரத்திய ஊரிலிருந்து தப்பிக்கிறார்.

ஆங்கிலத்தில் தாமஸ் ஹார்டியின் கதை இதற்கு நெருக்கமானது. 'ஜூட் தி அப்ஸ்க்யூர்' (1895) நாவல் கடும் கண்டனத்தைச் சந்தித்தபின் அவர் புதிய நாவல் எழுதுவதை நிறுத்தினார். 1898-இல் முதல் கவிதைத் தொகுப்பை வெளியிட்டுப் பிறகு முப்பது ஆண்டுகள் கவிஞராக வாழ்ந்தார். ஆனால் அவருடைய மிகச் சிறந்த கவிதைகள் என்று பலர் கருதுபவை கண்டனத்தால் பிறக்கவில்லை. 1912 நவம்பரில் மனைவி எம்மா இறந்தபின் பிறந்தன. ஒரே வீட்டில் நெடுங்காலம் பேச்சு குறைந்து வாழ்ந்த மனைவியை, இறந்த பிறகு, முன்னிலையில் அழைத்து அவர் எழுதினார். உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் சொல்லும் கவிதைகள். கரிசல் பெண் ஒருத்தியிடம் விளக்கினால் இதற்கு ஒப்பாரி என்றுதான் பெயர் சொல்வாள்.

தமிழில் சுந்தர ராமசாமி கவிதைக்கென்று பசுவய்யா என்ற தனிப்பெயர் வைத்துக்கொண்டார். நாவலும் சிறுகதையும் இயற்பெயரில், கவிதை புனைபெயரில். குடும்பத்தை விரிவாக எழுத 'குழந்தைகள் பெண்கள் ஆண்கள்' (1998) என்ற நாவலே அவருக்கும் தேவைப்பட்டது. ஒரே மனிதருக்குள் இரண்டு பெயர்களை ஒதுக்கும் அளவுக்கு இரண்டு வடிவங்களும் வேறு வேறு வீடுகளாக இருந்திருக்கின்றன.

பட்டாசும் பட்டியலும்

சிவகாசிப் பகுதிக்கு இந்தக் கேள்வி இலக்கிய வகைமை பற்றிய கேள்வி மட்டும் அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இன்னொரு பெரிய விபத்து. இடையிலும் பின்னரும் ஓர் அறை, இரண்டு அறை தரைமட்டமான சிறிய விபத்துகள் பல. செய்தித்தாளில் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய மாறுவதே இல்லை. மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு, இறந்தவர்களின் பெயர், அடைப்புக்குறிக்குள் வயது, அறிவிக்கப்பட்ட நிவாரணத் தொகை. உராய்வு என்ற ஒரு சொல் எத்தனை குடும்பங்களின் கதையை மூடிவிடுகிறது என்பதை இங்கு வாழ்பவர் அறிவர்.

இந்தப் பட்டியலைத் திறக்க நாவலால் முடியும். அவள் ஏன் அன்று அந்த அறையில் இருந்தாள், தீபாவளிக்கு எத்தனை நாள் இருந்தது, முன்பணம் எவ்வளவு, பேரியம் மீதான தடைக்குப் பிறகு வேலை எத்தனை நாளாகக் குறைந்தது என்று காரணங்களை அடுக்க முடியும். கரிசல் உரைநடை அதற்குத்தான் நூறாண்டுப் பேச்சுப் பழக்கத்தால் தயாராகியிருக்கிறது. ஆனால் காரணங்களை முழுதாக அடுக்கிய பிறகு அவள் ஒரு சான்றாகிவிடும் அபாயமும் உண்டு. முற்போக்குச் சிறுகதைகள் சிலவற்றில் இறந்தவள் சுரண்டலுக்கு உதாரணமாக மட்டும் எஞ்சுவதைப் பார்க்கலாம். கவிதையில் அவளை 'நீ' என்று அழைத்தாக வேண்டும். அழைத்துவிட்டால் அவளை எதற்கும் உதாரணமாக்க முடியாது. அதே சமயம், வெறும் அழைப்பு முதலாளியையும் உரிமம் தந்த அலுவலகத்தையும் கேள்வியிலிருந்து தப்பவிட்டுவிடும். ஒப்பாரி பங்காளியைக் கேட்கும். ஆய்வாளரைக் கேட்க அதற்குப் பழக்கமில்லை.

இந்த வட்டார எழுத்தில் மாணவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். கணக்குத் தெரிந்த உரைநடைக்காரர் ஒருவர், கணக்கைக் கைவிடாமல், முன்னிலையில் பேசத் துணிவாரா? பூமணியின் உரையாடல்களைச் சத்தமாக வாசித்துப் பார்த்தால் அவை கவிதைக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன என்று தெரியும். ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார், நடுவில் ஆசிரியர் இல்லை. 'அவன்' என்பதை 'நீ' ஆக்கும் ஓர் அடிதான் மிச்சம்.

விபத்துக்குப் பிறகு ஒரு வீட்டுக்கு வந்து சேரும் முதல் குடும்ப வரலாறு வாரிசுச் சான்றிதழ். வரிசை எண், பெயர், உறவுமுறை, வயது, திருமண நிலை. கணவன், மகன், மகள், தாய் வரை அதில் வருவார்கள். பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னியவள், காலையில் ஒரே பஸ்சில் ஏறியவள், தூக்குவாளியில் இருந்த சோற்றைப் பங்கு போட்டவள், அந்தப் பட்டியலில் எந்த வரிசையிலும் இல்லை. 'எஞ்சோட்டுப் பெண்' என்ற உறவுக்குத் தாலுகா ஆபீஸ் படிவத்தில் கட்டம் கிடையாது.